நகலில் தண்ணீர் குளிர்ந்திருந்தது

வெண்டல் ஹார்யு ஒரு சக்கரத்தைத் திருப்புவதற்காக அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். கேட்டால் ரொம்பச் சுலபமான வேலை என்று தோன்றும். மாநிலக் கணினி வாரியத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. சுலபமாக நடக்கிற எந்த வேலையைக் கண்டாலும் அந்த வாரியத்துக்குப் பொறுக்காது.

சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த அரசாங்க மீன்பண்ணை அது. நீளமான சிமெண்டுத் தொட்டிகளில் டிரவுட் மீன் குஞ்சுகள் வளர்ந்தன. அந்த ஏரியில் மிச்சமிருந்த தாய்மீன்களின் முட்டையிலிருந்து பொரித்த குஞ்சுகள். இலை உதிரும் காலம் வரை தாக்குப்பிடித்தால் திரும்ப ஏரியில் விடலாம். டிரவுட்டுக்குத் தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும். வெயில் ஏற ஏற ஊற்றுக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். பம்பு அறையில் அதற்கு ஒரு வால்வு, வால்வின் தலையில் ஒரு பித்தளைச் சக்கரம். வெண்டல் தொட்டியில் கையை விட்டுப் பார்ப்பார், கொஞ்சம் யோசிப்பார், போய் அரைச் சுற்றுத் திருப்புவார். அவ்வளவுதான்.

வாரியத்து ஆட்கள் பனி உருகும்போது வந்தார்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு வால்வில் ஒரு மோட்டாரை மாட்டினார்கள். மோட்டாருக்கு உத்தரவு போட ஒரு புரோகிராம். புரோகிராம் லினக்ஸில் ஓடும். லினக்ஸ் எங்கே ஓடும் என்று வெண்டல் கேட்டார். பம்பு அறை அலமாரியில் வைத்த கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்துகொள்ள வேண்டும், அந்தப் பாவனைக் கணினிக்குள் ஓடும் என்றார்கள். அதற்கு மெய்நிகர் கணினி என்று பெயராம்.

"நெசத் தண்ணிய ஒரு பொய்ப் பெட்டி தொறந்து மூடுமா?" என்றார் வெண்டல்.

"அதுக்குப் பேருதான் முன்னேற்றம் சார்" என்றான் மாட்ட வந்தவன்.

"சரி, சக்கரம் ஒரு ஓரமா கெடக்கட்டும். அவசரத்துக்கு ஆகும்."

"ஐயோ, கூடாது சார். ஒரு வேலைக்கு ரெண்டு வழி இருக்கக் கூடாதுன்னு கொள்கை இருக்கு."

சக்கரம் தலைநகரத்துக்குப் போய்விட்டது. அங்கே வாரிய இயக்குநரின் அறைச் சுவரில் அதை மாட்டி, மேலே ஒரு விளக்கும் போட்டிருப்பதாகக் கேள்வி.

பொய்ப் பெட்டி ஏதோ நல்ல வேளையில் பிறந்தது போல, வசந்த காலம் முழுக்க ஒழுங்காக வேலை செய்தது. ஜூன் மாதம் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை வெண்டல் வந்து பார்த்தால், பெரிய திரையின் நடுவில் அஞ்சலட்டை அளவுக்கு ஒரு படம் மட்டும் இருந்தது. சுற்றிலும் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை தானாகவே ஏதோ புதுப்பித்துக்கொண்டதாம், அதில் திரை சுருங்கிவிட்டது. அந்த அஞ்சலட்டைக்குள் வால்வு புரோகிராமுடைய ஜன்னலின் தலையும் வயிறும் தெரிந்தன. எத்தனை திறக்க வேண்டும் என்று காட்டுகிற கோட்டை நகர்த்த முடிந்தது. ஆனால் நகர்த்தினால் மட்டும் போதாது, ஜன்னலின் அடியில் இருக்கும் 'செயல்படுத்து' என்கிற பட்டனை அமுக்க வேண்டும். அந்த அடிப்பாகம் திரைக்குக் கீழே எங்கோ போய்விட்டது.

மீன்களுக்குத் தீனி போடும் ரோவீனா எட்டிப் பார்த்தாள். "என்னப்பா இது, கழுத்துக்குக் கீழ காணோம்?"

"வாரியத்தக் கூப்பிடறேன்."

"கூப்பிடு, கூப்பிடு. மீனுக்கும் பொழுது போகணும்ல."

வாரியத்தில் திரைப் பிரிவு, நெட்வொர்க் பிரிவு என்று இரண்டு பிரிவுகள். ஒரே மாடியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு காப்பி இயந்திரம். ஒரு பிரிவு இன்னொரு பிரிவின் வேலையில் தலையிடுவதில்லை என்பது அவர்களுக்குள் ரொம்பப் பெருமை. திரைப் பிரிவில் எடுத்தவர் ஜொலீன் என்கிற அம்மையார். குரலில் தேன் வழிந்தது.

"மேடம், திரை சுருங்கிப்போச்சு. பட்டன் கீழ மாட்டிக்கிச்சு" என்றார் வெண்டல்.

"அந்த பட்டன் இப்ப திரையில இருக்கா சார்?"

"இல்லியே. இருந்தா நான் ஏன் கூப்பிடப் போறேன்?"

"திரையில இல்லாதது திரைப் பிரிவுக்கு வராது சார். பரவால்ல, உங்களுக்காக ஒரு தடவ பாக்கறேன். உள்பெட்டிய அணைச்சிட்டு வெளிப்பெட்டிய அணைங்க. இப்ப வெளிப்பெட்டியப் போட்டுட்டு உள்பெட்டியப் போடுங்க. போட்டாச்சா? எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"ரொம்ப நல்லது. மோசமாகலியே. இப்ப நாங்க அதுக்கு நகல் எடுப்போம்."

"நகலா? எதுக்கு?"

"நோய் வந்த கணினி மேல நாங்க கை வைக்கறதே இல்ல சார், அது ஆபத்து. அச்சு அசலா இன்னொண்ணு எடுத்து இங்க வச்சுக்குவோம், வைத்தியத்த அதுக்குப் பாப்போம். மெய்நிகர் கணினியோட அருமையே அதுதானே!"

சாயங்காலத்துக்குள் வெண்டலின் கைப்பேசிக்குச் செய்தி வந்துவிட்டது. திரை முழு அளவுக்குத் திரும்பிவிட்டது, புகார் முடிக்கப்பட்டது, எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? வெண்டல் பம்பு அறைக்கு ஓடினார். அதே அஞ்சலட்டை.

"நகல்ல சரியாயிடுச்சே சார்!" என்றார் ஜொலீன் அம்மையார். "அவ்ளோ அழகா இருக்கு. நீங்க பாக்கணும்."

"இங்க சரியாகலியே மேடம்."

"அது அசல் சார். அசல் உங்க பண்ணையோட பொறுப்பு."

மறுநாள் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. குஞ்சுகள் தண்ணீர் விழும் இடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றன. ரோவீனா மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியைக் கடித்துக்கொண்டே விசைப்பலகை மேல் முழங்கையை ஊன்றினாள். வெண்டல் அதே நேரம் எரிச்சலில் மவுஸைப் பிடித்து இழுத்தார். முழங்கை எந்தக் கட்டையை அமுக்கியதோ, ஜன்னல் அப்படியே கழன்று மேலே போயிற்று. தலை திரையின் உச்சியைத் தாண்டி மறைய, கீழேயிருந்து பட்டன் எழுந்து வந்தது.

"அசையாத! அப்படியே இரு! மூச்சுகூட விடாத!" என்று கத்தினார் வெண்டல்.

"பாஸ்டிய முழுங்கலாமா?"

வெண்டல் பட்டனை அமுக்கினார். மோட்டார் உறுமும் என்று இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. திரையில் 'இணைப்பு இல்லை' என்று ஒரு வரி வந்தது.

நடந்தது இதுதான். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஒரு முகவரி உண்டு. திரைப் பிரிவு நகல் எடுத்தபோது அந்த முகவரியையும் சேர்த்தே நகல் எடுத்துவிட்டது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடுகள். அன்று ராத்திரி பண்ணைக் கணினி இன்னொரு தடவை தானாக அணைந்து எழுந்து தன் எண்ணைச் சொன்னபோது, அந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார் என்று பதில் வந்தது. அது பண்பாட்டோடு ஒதுங்கிக்கொண்டது. மோட்டாரோ நெட்வொர்க் வழியாக வரும் உத்தரவுக்கு மட்டுமே காது கொடுக்கும், ஆகவே சும்மா உட்கார்ந்திருந்தது. தலைநகரத்தில் இருந்த நகலுக்குப் பரிசோதனைக்காக ஒரு கற்பனை வால்வும், அதிலிருந்து விழக் கற்பனைத் தண்ணீரும் கொடுத்திருந்தார்கள். அதுதான் இப்போது வாரியத்தின் கண்ணில் மீன்பண்ணை. இது எதுவும் வெண்டலுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கும் தெரியாது.

நெட்வொர்க் பிரிவில் கார்வின் என்று ஒரு இளைஞன். கொள்கைகளை மனப்பாடமாக வைத்திருந்தான்.

"எந்த மெஷின்ல நெட்வொர்க் இல்லியோ, அந்த மெஷின்லேர்ந்துதான் சார் புகார் அனுப்பணும்."

"நெட்வொர்க்கே இல்லியேப்பா. எப்படி அனுப்புவேன்?"

"எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க சார். நீங்க பெரியவரு, போன்லயே எடுத்துக்கறேன். இருங்க, பாக்கறேன்... சார், உங்க மெஷின் சூப்பரா இருக்கே! நான் கூப்பிட்ட ஒடனே பதில் சொல்லுது. வால்வு முக்கால்வாசி தொறந்திருக்கு. தண்ணி ஜில்லுன்னு நாப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். இதுக்கு மேல என்ன வேணும்?"

வெண்டல் கைப்பேசியோடு தொட்டிக்குப் போய் முழங்கை வரை கையை விட்டார். "தம்பி, இப்ப என் கை தண்ணிக்குள்ள இருக்கு. ஐயோன்னு சுடுது."

"உங்க கை எங்க சிஸ்டத்துல இல்லியே சார்."

"மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுடா! செத்துடும்டா!"

"அது நீங்க கண்ணால பாக்கறது சார். கண்ணால பாக்கறதெல்லாம் திரைப் பிரிவு. மாத்தி விடறேன், இருங்க."

தேன் குரல் வந்தது. வெண்டல் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"மீன் வாயத் தொறக்கறது உங்களுக்குத் தெளிவாத் தெரியுதுங்களா சார்?" என்றார் ஜொலீன் அம்மையார்.

"நல்லாத் தெரியுது!"

"அப்ப திரையில கோளாறு இல்ல சார். புகார முடிச்சிடலாமா?"

வெண்டல் கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டார். முதல் தொட்டியில் ஒரு குஞ்சு வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்துவந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. முட்டையாக இருந்தபோதிலிருந்து தினமும் முட்டைத் தட்டை எடுத்து எடுத்துப் பார்த்தவர் அவர். "அடப்பாவிகளா" என்று வாய்விட்டுத் திட்டியபடி பண்ணை லாரியிலிருந்து பெரிய பைப் ரெஞ்சை எடுத்துவந்தார்.

மோட்டாரின் மேல் 'தொட்டால் நடவடிக்கை' என்று முத்திரை ஒட்டியிருந்தது. ரோவீனா அதைச் சுரண்டி எடுத்துக் கசக்கிப் போட்டாள். மோட்டாரைக் கழற்றியதும் வால்வின் தண்டு வெறுமனே நீட்டிக்கொண்டு நின்றது, சதுரமான தண்டு. வெண்டல் ரெஞ்சைக் கவ்வவிட்டுத் தொங்கித் திருப்பினார். கிறீச்சென்று வழுக்கியது. மறுபடி கவ்வவிட்டார். கொஞ்சம் அசைந்தது. குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கூடியது. ஒரு மணி நேரத்தில் குஞ்சுகள் அடியில் இறங்கின.

ஆனால் சதுரத் தண்டின் ஒரு மூலை மழுங்கி, தரையில் இரும்புச் சீவல் விழுந்திருந்தது.

"இன்னும் எத்தன நாளைக்கு இப்படி?" என்றாள் ரோவீனா.

"திருப்பத் திருப்பத் தேயும். நாலு மூலையும் போச்சுன்னா ஒண்ணும் கவ்வாது. அதுக்குன்னு செஞ்ச சக்கரம் இருந்தாத் தேயாது."

"இப்பதான் கோடை வெயிலே ஆரம்பம். கேளேன் அவங்ககிட்ட. உன் சக்கரம்தானே?"

கேட்டார். ஒவ்வொரு பிரிவாக அவரை உருட்டிவிட்டு, கடைசியில் இயக்குநர் லெலண்ட் ஸ்டெக்கெட்டியே பண்ணை அலுவலகத்தில் இருந்த வேறொரு கணினியில் முகத்தைக் காட்டினார். சிவந்த, வழுவழுப்பான முகம். அவர் தலைக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், வெண்டலின் சக்கரம். வெண்டலுக்குக் கண் அங்கிருந்து நகரவில்லை.

"மிஸ்டர் ஹார்யு, உங்க விஷயத்த ஆழமாப் படிச்சேன்" என்றார் இயக்குநர். "உங்களுக்கு ஒரு கணினி, எங்களுக்கு ஒரு நகல். உங்களுது திரை சரியில்ல, நெட்வொர்க் இல்ல, தண்ணி சூடுன்னு சொல்றீங்க. எங்களுது திரை பளிச்சுன்னு இருக்கு, கூப்பிட்டாப் பேசுது, தண்ணி நாப்பத்தெட்டுல நிக்குது. ஒரு டிகிரி ஏறல, எறங்கல. இப்ப நீங்களே சொல்லுங்க, கோளாறு யார்கிட்ட?"

"சார், உங்களுதுல மீன் இல்லியே."

"அதனாலதான் அது அவ்ளோ சீரா ஓடுது! முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது இதுதான். எந்த அமைப்பையும் கெடுக்கறது அத உபயோகிக்கறவங்கதான். உபயோகிக்கறவங்கள எடுத்துட்டுப் பாருங்க, எல்லாம் தங்கமா ஓடும்."

"அந்தச் சக்கரத்த மட்டும் குடுத்துடுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

இயக்குநர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "இதுவா? பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்து பாத்துட்டுப் போகுதுங்க மிஸ்டர் ஹார்யு, மனுஷன் எவ்ளோ இருட்டுல கெடந்திருக்கான்னு. இத எப்படிக் குடுக்கறது? மனச விடாதீங்க. உங்க பண்ணைக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழம நேர்ல வந்து சொல்றேன்."

வெள்ளிக்கிழமைக்குள் தண்டின் இரண்டாவது மூலையும் போய், மூன்றாவதும் பாதி தேய்ந்துவிட்டது. ரெஞ்சு இரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் கவ்வியது. வெண்டல் விரல் முட்டியெல்லாம் தோலுரிந்து துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

வாரியத்தார் மூன்று வண்டிகளில் வந்து இறங்கினார்கள். தொட்டிக்கரையில் கூடாரம் போட்டார்கள். ஜொலீன் அம்மையார் ஒரு கேக்கைத் தூக்கிவந்தார். மேலே க்ரீமில் கணினித் திரை வரைந்திருந்தது, முழு அளவில், பட்டனோடு. கார்வின் ஒலிபெருக்கியைச் சரிசெய்யப் போனான். அது வேலை செய்யவில்லை. சத்தம் யார் பிரிவு என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

இயக்குநர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பேசினார். "இந்த வருஷம் எங்க மேற்பார்வையில இருக்கற அத்தன கணினியிலயும் ஒரு தடவகூட அபாய மணி அடிக்காதது, ஒரு டிகிரிகூட மாறாதது ஒண்ணே ஒண்ணு. இந்தப் பண்ணையோட நகல்! சிறந்த கணினி விருத நாங்க அதுக்குத் தர்றோம். அதுவே இனிமே அதிகாரபூர்வமான கணினி. ஒரே முகவரியில ரெண்டு இருக்கறது மொறையில்லன்னு நம்ம கார்வின் நேத்து கண்டுபிடிச்சாரு."

எல்லோரும் கார்வினுக்குக் கை தட்டினார்கள். அவன் வெட்கப்பட்டான்.

"அப்ப நகல எடுத்துடுவீங்களா சார்?" என்றார் வெண்டல்.

"விருது வாங்கினதையா? என்ன பேச்சு இது! அசல அணைக்கறோம்."

ஜொலீன் அம்மையார் பம்பு அறைக்குப் போய் அசலை அணைத்தார். அஞ்சலட்டையும் போய்த் திரை முழுக்கக் கறுப்பானது. "இனிமே உங்களுக்குத் திரைக் கோளாறே வராது சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"நெட்வொர்க் கோளாறும்" என்றான் கார்வின்.

ரோவீனா தலையில் அடித்துக்கொண்டாள். "கிழிஞ்சுது போ" என்று வெண்டலின் காதருகே சொன்னாள்.

பிறகு இயக்குநர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே வெல்வெட் துணியில் இரண்டு சக்கரங்கள். ஒன்று பழையது, பச்சைக் களிம்பு ஏறி, வெண்டலின் கை பட்டுப் பட்டு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்தது. இன்னொன்று புத்தம் புதிதாகத் தங்க முலாம் பூசி மின்னியது. அதன் நடுவில், தண்டு நுழைய வேண்டிய சதுர ஓட்டை இருந்த இடத்தில், வாரியத்தின் முத்திரையைப் பதித்திருந்தார்கள்.

"இதோ, நீங்க ஆசப்பட்ட சக்கரம்!" என்று இயக்குநர் மின்னுவதை எடுத்து நீட்டினார். "உங்களுக்குன்னே நகல் எடுக்கச் சொன்னேன். பழசையும் கொண்டுவந்தேன், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் வளர்ச்சி புரியும்."

வெண்டல் கையில் வாங்கினார். எடையே இல்லை. அதை எந்தத் தண்டிலும் மாட்ட முடியாது. பழையது பெட்டியில் ஒரு கை தூரத்தில் கிடந்தது. கார்வின் பெட்டியை மூடப் போனான். வெண்டல் இத்தனை நாள் மன்றாடினார், கத்தினார், தண்ணீருக்குள் கை விட்டுக் காட்டினார். அவர்கள் பாஷையில் மட்டும் பேசிப் பார்த்ததில்லை.

"சார்" என்றார், குரலைத் தாழ்த்தி. "எனக்கு இப்பதான் சார் புத்தி வந்துச்சு. நகல்தானே சார் எப்பவும் ஒசத்தி?"

"எப்பவும்!"

"அப்ப ஒசத்தியானத இந்த மீன் நாத்தத்துல வச்சா நல்லாவா இருக்கும்? இதுல ஒரு கறை இல்ல, கீறல் இல்ல. யாரும் தொட்டுக் கெடுக்கவும் முடியாது. இது இருக்க வேண்டிய எடம் உங்க சுவரு சார். அந்த வெளக்குக்குக் கீழ எப்படி மின்னும்! இந்தப் பழைய தரித்திரத்த இங்கயே எங்கயாச்சும் கெடாசிட்டுப் போங்க."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா எல்லாரும்? முப்பது வருஷமா நான் சொல்ல வந்தத இந்த மனுஷன் ரெண்டு வார்த்தையில சொல்லிட்டாரு!" மின்னுவதைத் தன் மார்போடு வைத்துக்கொண்டு, பழையதை இரண்டு விரலால் தூக்கி வெண்டலின் கையில் போட்டார். போட்டோ எடுத்தார்கள். கேக் சாப்பிட்டார்கள். திரையின் பட்டன் இருந்த துண்டு இயக்குநருக்குப் போயிற்று.

கடைசி வண்டியின் புழுதி அடங்கும் வரைகூட வெண்டல் காத்திருக்கவில்லை. பம்பு அறைக்கு ஓடினார். தண்டில் ஒழுங்காக மிச்சமிருந்தது ஒரே மூலை. சக்கரம் கொஞ்சம் ஆடியது, பிறகு பிடித்துக்கொண்டது. தேய்ந்த இடத்தில் கையை வைத்துத் திருப்பினார். தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டு வெளியிலிருந்து ரோவீனா விசில் அடித்தாள்.

அன்று சாயங்காலமே கைப்பேசிக்குச் செய்தி வந்தது. உங்கள் பிரச்சினை தீர்ந்ததா? தீர்ந்தது என்று அமுக்கி, இருக்கிற நட்சத்திரம் அத்தனையும் கொடுத்தார்.

இலை உதிர்ந்தபோது குஞ்சுகளை ஏரியில் விட்டார்கள். தலைநகரத்தில் நகல் இன்னமும் நாற்பத்தெட்டு டிகிரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பண்ணையில் ஒரு கிழவர் சக்கரம் திருப்புகிறார் என்பதை வாரியம் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவர்களில் யாராவது ஒருவர் தண்ணீரில் கையை விட வேண்டும்.